‘இதற்கிடையே’ என்று தொடங்கும் பத்தி

இரவுப் பணிக்கு வரும் புது உதவி ஆசிரியருக்குப் பத்திரிகை டெஸ்க்கில் முதலில் சொல்லித்தரும் பாடம் இதுதான்: காப்பி (அச்சுக்குப் போகும் செய்தி) நீளமாக இருந்தால் கீழேயிருந்து வெட்டு. செய்தி ஏஜென்சிக்காரர்களும் அதற்குத் தோதாகத்தான் எழுதி அனுப்புவார்கள். எங்கே குண்டு விழுந்தது, எத்தனை பேர் இறந்தார்கள், எந்தத் தலைவர் என்ன சொன்னார் எல்லாம் மேலே இருக்கும். பதினோராவது, பன்னிரண்டாவது பத்தியில்தான் ‘இதற்கிடையே’ என்று ஒரு வரி மெல்ல ஆரம்பிக்கும். கடைசி நேரத்தில் விளம்பரம் ஒன்று வந்து பக்கத்தில் இடம் சுருங்கினால், முதலில் போவது அந்த ‘இதற்கிடையே’.

வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைப் பல வருஷமாகப் பார்த்துவருகிறேன். “போர்ச் செய்தியைப் படிக்கவே முடியலைங்க, ஒரே சாவா இருக்கு” என்று வாசகர்கள் சொல்லும்போது, உலகம் அப்படித்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். உலகம் பாதி, எங்கள் கத்தரிக்கோல் பாதி என்று புரிய நாளானது.

2024 செப்டம்பர் முதல் வாரம். காசா பற்றிய காப்பி வழக்கம்போல நீளம். கடைசியில் போலியோ சொட்டு மருந்து முகாம் பற்றி இரண்டு பத்திகள். “கீழ ரெண்டு பாராவைத் தட்டிடுப்பா, பக்கம் போகணும்” என்றார் இரவு ஆசிரியர். தட்டிவிட்டேன். வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் நாம் தட்டியது என்னவென்று உறைத்தது.

அந்த ஜூன் மாதம் காசாவில் எடுத்த கழிவுநீர் மாதிரிகளில் போலியோ வைரஸ் இருந்தது. ஆகஸ்டில் பத்து மாதக் குழந்தை ஒன்றுக்குக் கால் செயலிழந்தது உறுதியானது. 25 ஆண்டுகளில் அங்கே முதல் போலியோ. சாக்கடை தெருவில் ஓட, கூடாரத்துக்குக் கூடாரம் ஒட்டி மக்கள் கிடக்கும் இடத்தில் அது பரவ எத்தனை நாளாகும்? பத்து வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும், சில வார இடைவெளியில் இரண்டு முறை சொட்டு மருந்து கொடுத்தாக வேண்டும். 90 சதவீதப் பிள்ளைகளையாவது எட்டாவிட்டால் பரவல் நிற்காது.

சொட்டு மருந்தைக் குளிர்ச்சி குறையாமல் வைத்திருக்க வேண்டும். கரன்ட் இல்லாத ஊரில் குளிர்பெட்டி ஓட ஜெனரேட்டர் வேண்டும், ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும், டீசல் உள்ளே வர அனுமதி வேண்டும். பகுதி பகுதியாக, பகலில் சில மணி நேரம் மட்டும் சண்டையை நிறுத்த இஸ்ரேலும் ஹமாஸும் ஒப்புக்கொண்டார்கள். முதலில் நடுப்பகுதி, பிறகு தெற்கு, கடைசியில் வடக்கு. செப்டம்பர் 1 முதல் 12 வரை, சுமார் 5.59 லட்சம் பிள்ளைகள். தோளில் குளிர்பெட்டியை மாட்டிக்கொண்டு போன ஊழியர்களில் பலரும் வீடிழந்து கூடாரத்தில் இருந்தவர்கள். வாயில் இரண்டு சொட்டு, விரலில் மை. நம்மூர் சொட்டு மருந்து முகாமில் பிள்ளையின் சுண்டுவிரலில் வைக்கிறார்களே, அதே வேலைதான்.

இதைத்தான் நான் இடமில்லை என்று தட்டியிருந்தேன்.

நம்பிக்கைச் செய்தி என்றால் குண்டடி படாத சுத்தமான செய்தி என்று நினைத்துவிடக் கூடாது. அக்டோபரில் இரண்டாம் சுற்று வந்தபோது, வடக்கில் குண்டுவீச்சு கடுமையாகி முகாம் தள்ளிப்போனது. நவம்பர் 2 அன்று மறுபடி தொடங்கினார்கள். அன்றே காசா நகரில் சொட்டு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த சுகாதார நிலையம் தாக்கப்பட்டு, நான்கு குழந்தைகள் உட்பட ஆறு பேர் காயமடைந்ததாக உலக சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ் தெரிவித்தார். அந்த நேரத்தில் அங்கே தாங்கள் தாக்கவில்லை என்றது இஸ்ரேல் ராணுவம். அந்தச் சுற்றில் 5.56 லட்சம் பிள்ளைகளுக்கு மருந்து போனது. வடகோடியில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளிடம் போக முடியவில்லை. இந்த இரண்டும் ஒரே காப்பியில் வர வேண்டும். முதலாவதை மட்டும் போட்டால் அது சண்டை போடுகிறவர்களுக்கு நற்சான்றிதழ் ஆகிவிடும். ‘பாருங்கள், நாங்கள் அனுமதித்தோமே’ என்று காட்ட எந்தத் தரப்பும் தயாராகத்தான் இருக்கும்.

இந்த ஏற்பாடு புதிதும் அல்ல. 1985-ல் மத்திய அமெரிக்காவின் எல் சால்வடாரில் உள்நாட்டுப் போர் நடுவே, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதற்காக மூன்று நாள் துப்பாக்கிகள் ஓய்ந்தன. யுனிசெஃபும் கத்தோலிக்கத் திருச்சபையும் இரு தரப்பிடமும் பேசியதில் வந்த அமைதி. இலங்கையிலும் 1990-களின் நடுவிலிருந்து போலியோ சொட்டு மருந்து நாட்களுக்காக அரசும் புலிகளும் சண்டையை நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே கடைசி போலியோ 1993-ல். போர் முடிந்ததோ 2009-ல். ஈழப் போரைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்து வளர்ந்த எனக்கே, இந்தச் சங்கதி வேலைக்கு வந்து ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘நம்பிக்கை’ வேறு ரகம். இடிபாட்டில் பூத்த பூ, பூனைக்குட்டியை அணைத்த சிப்பாய். எந்த ஊர், எந்த நாள், யார் எடுத்தது? மூன்றுக்கும் பதில் இருக்காது. தேடிப் பார்த்தால் படம் வேறொரு போரிலிருந்து வந்திருக்கும், அல்லது ஏ.ஐ. தயாரித்ததாக இருக்கும். கெட்ட செய்தியைச் சந்தேகப்படுகிற நாம் நல்லதை அப்படியே விழுங்கிவிடுகிறோம். ஆகவே எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். செய்தியில் யாரோ ஏதோ ஒரு வேலையைச் செய்திருக்க வேண்டும், அந்த வேலை மறுநாளும் நடந்திருக்க வேண்டும். உக்ரைனின் கார்கிவ் நகரத்தில் 2023 செப்டம்பரில் மெட்ரோ ரயில் நிலையங்களுக்குள்ளேயே வகுப்பறை கட்டிப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். கண்ணீர் வரவழைக்கும் படமே வேண்டாம்; கால அட்டவணை போட்டு நடத்தினார்கள் என்பதே செய்தி.

இப்போதெல்லாம் போர்க் காப்பியைக் கடைசிப் பத்தியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கிறேன். புதிதாக வந்த பையன் ஒரு மாதிரியாகப் பார்க்கிறான். குடிநீர்க் குழாய் சரிசெய்தவர், மின்கம்பத்தில் ஏறியவர், பேக்கரி அடுப்பை மூட்டியவர் எல்லாம் அங்கேதான் இருப்பார்கள். ஐ.நா. அமைப்புகளின் நிலவர அறிக்கைகளையும் பார்ப்பேன். எழுத்து வறட்டு வறட்டென்று இருக்கும், ஆனால் எத்தனை லாரி, எத்தனை லிட்டர் என்று எழுதியிருப்பார்கள்.

2025 பிப்ரவரியில், போர்நிறுத்தம் இருந்த சமயம், காசாவில் இன்னொரு சுற்று நடந்தது. ஐந்து நாளில் சுமார் 6 லட்சம் பிள்ளைகள். தனிச் செய்தியாக எடுத்து, பக்கத்தின் மேல்பாதியில் வைத்தேன். இரவு ஆசிரியர் புரூஃபைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இதுல சாவு எதுவும் இல்லையேப்பா, மேல எதுக்கு?”

“அதான் சார் நியூஸ்” என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “சரி, தலைப்பை நாலு வார்த்தைக்குள்ள அடக்கு” என்றார்.