பிரெஞ்சு பேஸ்ட்ரி பார்ட்டி: மாவு பிள்ளைகளிடம், சூடு பெரியவர்களிடம்

பிரெஞ்சு பார்ட்டி என்றதும் பலர், இரண்டு பாதாம் ஓடுகளுக்கு நடுவே கிரீம் வைத்த மக்கரோனைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வெள்ளைக்கருவை அடிக்கும் பதம், பாதாம் பொடி கலக்கும் பதம், மேல்தோல் காய அரை மணி நேரக் காத்திருப்பு என்று ஒவ்வொன்றும் பிசகாமல் அமைய வேண்டும். இல்லாவிட்டால் ஓடு வெடித்துவிடும். ஆசை விடவில்லை என்றால் ஓடுகளை வாங்கி வைத்து, நடுவில் கிரீம் பூசி ஒட்டும் வேலையை மட்டும் பிள்ளைகளிடம் கொடுக்கலாம்.

ஆறு வயதுக்கு மேல் என்றால், சர்க்கரை தூவிச் சுருட்டிச் சுடும் பல்மியே என்ற பேஸ்ட்ரி நல்லது. பனையோலை போல விரிவதால் வந்த பெயர். 250 கிராம் பஃப் பேஸ்ட்ரி ஷீட் ஒன்று, 80 கிராம் சர்க்கரை போதும். பலகையில் பாதிச் சர்க்கரையைத் தூவி, மேலே ஷீட்டை விரித்து, மீதியையும் தூவி, பூரிக்கட்டையால் லேசாக அழுத்த வேண்டும். பிறகு எதிரெதிர் ஓரங்களிலிருந்து நடுக்கோடு வரை சுருட்டுவது; பிள்ளைகள் மிகவும் ரசிக்கும் இடம் இது. இறுக்கிச் சுருட்டினால் நடுப்பகுதி வேகாது. கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும்.

ஷீட்டுக்குள் மாவும் வெண்ணெயும் மாறி மாறி மெல்லிய அடுக்குகளாக இருக்கின்றன. ஓவன் சூட்டில் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி அந்த அடுக்குகளைத் தூக்குகிறது. சின்னக் கைகளின் வெதுவெதுப்பில் வெண்ணெய் உருகி மாவோடு கலந்துவிட்டால் அடுக்கே இருக்காது. பேஸ்ட்ரி தட்டையாக, கெட்டியாக வரும். அதனால் ஷீட்டை வெளியே எடுத்த பத்து நிமிடத்துக்குள் சுருட்டி முடித்து, 30 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். விளையாட்டுகளை அந்த அரை மணிக்கு ஒதுக்கினால் யாருக்கும் சலிக்காது.

குளிர்ந்த சுருளை 1 செ.மீ. கனத்தில் வெட்டி, 5 செ.மீ. இடைவெளி விட்டு அடுக்குங்கள். பக்கவாட்டில் நன்றாக விரியும். 200 டிகிரி செல்சியஸில் 10 முதல் 12 நிமிடம். அடிப்பக்கம் பொன்னிறமானதும் திருப்பிப் போட்டு இன்னும் 4, 5 நிமிடம். வெட்டுவதும் திருப்புவதும் முழுக்கப் பெரியவர் வேலை.

திருப்பும் நேரம்தான் ஆபத்தானது. உருகிய சர்க்கரை 160 டிகிரியைத் தாண்டியிருக்கும். கொதிநீர் வழிந்து போய்விடும். சர்க்கரையோ தோலில் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். தட்டு வெளியே வரும்போது பிள்ளைகள் சமையலறைக்குள் இருக்கவே கூடாது. யாருக்காவது பட்டுவிட்டால் உடனே 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். ஐஸ், வெண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம். ஒட்டியதைப் பிய்க்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நான்கைந்து வயதுக் குழந்தைகளுக்குத் தயிர் கேக் பொருந்தும். பிரான்சில் பல குழந்தைகள் முதன்முதலில் செய்யும் கேக் இது. தயிர்க் கிண்ணமே அளவுக் கிண்ணம். 125 கிராம் தயிர், காலியான அதே கிண்ணத்தால் சர்க்கரை இரண்டு, மைதா மூன்று, எண்ணெய் அரை, கூடவே 3 முட்டை, 11 கிராம் பேக்கிங் பவுடர். மைதா விழுந்த பிறகு ஆளுக்கு ஒரு முறை கலக்க விட்டால் மாவிலுள்ள க்ளூட்டன் என்ற புரதம் இறுகி கேக் ரப்பர் போலாகும். எல்லோருடைய முறையையும் மைதா சேர்ப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். மஃபின் அச்சில் 180 டிகிரியில் 20 நிமிடத்தில் வெந்துவிடும்.

கிண்ணத்தை வழித்து நக்குவதை அனுமதிக்காதீர்கள். பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியும்; பச்சை மாவில் ஈ.கோலி கிருமி இருக்கலாம் என்பது தெரிவதில்லை. ஐந்து வயதுக்குட்பட்டவர்களை இவை கடுமையாகத் தாக்கும். 'வாயில் வைக்காதே' என்று சொன்னால் மட்டும் குழந்தை கேட்காது. ஆளுக்கு ஒரு கரண்டி ஜாம் கொடுத்துவிடுங்கள், கை தானாக அங்கே போகும்.

கோதுமை, பால், முட்டை, பாதாம் ஒவ்வாமை யாருக்கு உண்டு என்று அழைப்பிதழிலேயே கேளுங்கள். பார்ட்டி அன்று கேட்பது தாமதம். மாற்று ஏற்பாட்டுக்கு நேரமிருக்காது. கடைப் பொருளானால் உறையின் பின்பக்கத்தையும் படியுங்கள்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பல்மியேக்களைக் கம்பித் தட்டில் முழுக்க ஆறவிட்ட பிறகே டப்பாவில் மூடுங்கள். வெதுவெதுப்போடு மூடினால் ஆவி உள்ளேயே தங்கி, வீடு போய்ச் சேரும் முன்பே மொறுமொறுப்பு போய்விடும்.