அணுக்கறையா, உட்கருப் புள்ளியா?

போன ஞாயிறு பெங்களூர் அல்சூரில் ஓர் அறிவியல் பேச்சு. 'அணுக்கறைகள்' என்ற சொல் மூன்றாம் முறை வந்ததும் பக்கத்து நாற்காலிப் பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "கல்பாக்கம் பத்தியா சார் சொல்றாங்க?" அவர் மேல் தப்பில்லை. பேசப்பட்டது நியூக்ளியர் ஸ்பெக்கிள் பற்றி.

பாலூட்டிகளின் செல் உட்கருவில் 20 முதல் 50 வரை இருக்கும் சின்னத் திரட்சிகள் இவை. சுற்றிச் சவ்வு கிடையாது, புரதமும் ஆர்.என்.ஏ.வும் தாமாகத் திரண்டவை. மரபணுவைப் படியெடுத்ததும் அந்தப் படியில் வேண்டாத துண்டுகளை நறுக்கி மீதியை ஒட்டும் புரதங்களுக்கு இதுதான் கிடங்கு. மும்முரமாகப் படியெடுக்கப்படும் மரபணுக்கள் பல இவற்றின் ஓரத்திலேயே கிடக்கும். உள்ளே டி.என்.ஏ. அரிது. சிக்குக் கோலத்தில் புள்ளியைச் சுற்றி இழை ஓடுவது மாதிரி.

நியூக்ளியஸ் லத்தீனில் கொட்டைப் பருப்பு. 1831-இல் ராபர்ட் பிரவுன் செல்லுக்குள் கண்டதற்கு அந்தப் பெயரை வைத்தார். அணுவுக்குள்ளும் ஒரு நியூக்ளியஸ் இருப்பதை ரதர்ஃபோர்டு சொன்னது 80 வருடம் கழித்து. ஸ்பெக்கிள் என்ற பெயர் ஸ்வான்சன் பெக் 1961-இல் இட்டது, ஒளிரும் சாயத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்ததால்.

சரி, கறை எங்கிருந்து வந்தது? கறை என்றால் துவைத்தும் போகாதது, இருக்கக் கூடாதது. இங்கே என் சலவைக்காரரே சட்டையில் பட்டதைக் கன்னடத்தில் 'கலெ' என்பார், வாசலில் வைப்பதைச் 'சுக்கி' என்பார், குழப்பிக்கொள்ள மாட்டார். புள்ளிமானை யாராவது கறைமான் என்றதுண்டா? 'அணு' அதைவிட மோசம். செல்லையே உயிரணு என்கிறோம், அப்புறம் அதன் நடுவில் இருப்பதும் அணு என்றால் எது எதற்குள் இருக்கிறது? பாடப்புத்தகத்தில் உட்கரு என்று நல்ல சொல் கிடக்கிறது. உட்கருப் புள்ளி, அவ்வளவுதான்.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'உட்கருப் பொறி' என்கிறார். பொறிவண்டின் மேல் புள்ளியாக இருப்பது அந்தப் பொறிதான், அழகும்கூட. ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எலிப்பொறியும் பொறியியலும்தான் முதலில் நினைவுக்கு வரும்.

அகராதியில் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போகும் பழக்கம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். நியூக்ளியர் ஃபேமிலி என்ற தனிக்குடித்தனத்தை 'அணுக்குடும்பம்' ஆக்கியதும் இதே கைதான். அந்தப் பேச்சு அச்சாகப் போகிறதாம், மெய்ப்பு என்னிடம் வந்திருக்கிறது. முதல் பக்கத்தில் மட்டும் 11 'அணு'.