டோப்பிங்: குழம்பா, சாராயமா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு கால்பந்துப் போட்டி. கோப்பை வாங்கிய அணி நேராக டாஸ்மாக் வாசலுக்குப் போனது. "ஜெயிச்ச பசங்க, இன்னைக்குத் தண்ணி போடத்தான் செய்வாங்க" என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர். அவரே தோற்ற அணியின் கோல்கீப்பரைக் காட்டி, "அது கஞ்சா குடுக்கி" என்று முகம் சுளித்தார். ஒன்றுக்குத் தண்ணி என்று செல்லப் பெயர், மற்றதற்கு வசவு!

விளையாட்டில் தடைசெய்த மருந்தை எடுத்துக்கொள்வதைச் சொல்லும் டோப்பிங் என்ற சொல்லிலும் இந்தக் குழப்பம் உண்டு. அதற்கு இரண்டு பிறப்புக் கதைகள். டச்சு மொழியில் 'டோப்' (doop) என்றால் தொட்டுக்கொள்ளும் குழம்பு. அது ஆங்கிலத்தில் 'dope' ஆகி, பந்தயக் குதிரைக்குத் திருட்டுத்தனமாகக் கொடுக்கும் மருந்துக் கலவையைக் குறித்தது. இன்னொரு கதையில் வருவது 'டாப்': திராட்சைத் தோலில் வடித்த சாராயம். தென்னாப்பிரிக்காவின் ஜூலு இனப் போர்வீரர்கள் அதைக் குடித்துவிட்டுப் போருக்குப் போனார்களாம். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை (சுருக்கப் பெயர் 'வாடா', நம் காதில் அதட்டலாக விழும்) சொல்வது இந்தச் சாராயக் கதையைத்தான். எனக்குக் குழம்புதான் நம்பும்படி இருக்கிறது. சுவை என்னவோ சாராயத்தில்தான்.

ஒலிம்பிக்கில் மருந்துச் சோதனையில் முதலில் மாட்டியவரும் குடித்தவர்தான். 1968 மெக்சிகோவில், சுவீடனின் லில்யென்வால். படபடப்பு அடங்க இரண்டு பீர் என்றார். அணியின் வெண்கலம் போயிற்று. அப்புறம் வில்வித்தை போன்ற சில விளையாட்டுகளில் மட்டும் மது தடைப்பட்டியலில் இருந்தது. 2018-இல் அங்கிருந்தும் எடுத்துவிட்டார்கள். கஞ்சா இன்னும் இருக்கிறது. 2021-இல் அமெரிக்க ஓட்டக்காரி ஷகாரி ரிச்சர்ட்சனின் டோக்கியோ கனவு அதில்தான் போயிற்று.

ஊட்டிக்காரர்களுக்கு நெருக்கமான கதை ஸ்னூக்கர், மேசையில் கோலால் பந்தைத் தள்ளும் ஆட்டம். அதன் விதிகளை 1882-இல் எழுதி மாட்டியது ஊட்டி கிளப் சுவரில்தான். கனடா ஆட்டக்காரர் பில் வெர்பெனியூக்குக் கைநடுக்கம் உண்டு. அதை அடக்க ஆட்டத்துக்கு முன்னும் நடுவிலும் பீர் பீராகக் குடித்தார், சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையையும் சேர்த்துக்கொண்டபோது அபராதம், தடை. இரண்டும் செய்தது ஒரே வேலை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஊக்கமருந்து' பத்திரிகைகளில் வேரூன்றிவிட்டது, இருக்கட்டும். ஆனால் கையை நிதானமாக்கும் மாத்திரை யாரை ஊக்குவிக்கிறது? விதிகளைப் பற்றி எழுதும்போது 'தடை மருந்து' என்பதே பொருந்தும். பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்பதுதான் அங்கே கேள்வி. சில தலைப்புகளில் வரும் 'போதை மருந்து' மட்டும் வேண்டாம். தசையைப் பெருக்கும் ஸ்டீராய்டு ஊசியில் போதை எங்கே இருக்கிறது?