கரையில் ஒதுங்கும் நீல டிராகன் எந்த இனம்?

சென்னை பெசன்ட் நகர் மணலில் நீல டிராகன் எனப்படும், விரற்கடை நீள நீலமான ஓடில்லாக் கடல் நத்தை கிடந்தால், பலரும் அதற்கு உடனே கிளாக்கஸ் அட்லாண்டிகஸ் என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். நம் பக்கத்துக் கடலில் கிளாக்கஸ் மார்ஜினேட்டஸும் உண்டு. அதுவும் இதே நீலம்தான்.

கையால் தொடாதீர்கள். பைசாலியா போன்ற மிதக்கும் சொறி (ஜெல்லி மீன் போன்ற கொட்டும் உயிர்) வகைகளைத் தின்று, அவற்றின் கொட்டும் செல்களைச் செரிக்காமல் தன் பக்கவாட்டுக் கைகளில் உள்ள விரல் போன்ற நீட்சிகளின் நுனிகளில் சேர்த்து வைத்திருக்கும். ஸ்பூனால் அள்ளி, கடல்நீர் ஊற்றிய தட்டில் விடுங்கள். மணலில் கிடக்கும்போது விரல்கள் ஒட்டிக்கொண்டு வரிசை தெரியாது, நீரில்தான் விரியும். பக்கத்தில் ஸ்கேல் வைத்து இருபுறமும் படமெடுங்கள். வயிற்றில் காற்றை அடக்கி மல்லாந்து மிதக்கும் உயிர் இது. மேலே தெரியும் நீலம் அதன் பாதம், வெள்ளிநிறமே முதுகு. விவரணையில் அடிக்கடி தலைகீழாவது இதுதான்.

ஒவ்வொரு கையிலும் விரல்கள் ஒரே வரிசையில் விசிறியாக விரிந்தால் அட்லாண்டிகஸ். பல வரிசையாகக் கொத்தாக இருந்து, வாலும் குட்டையென்றால் மார்ஜினேட்டஸ் கூட்டம். அலையில் விரல்கள் உதிர்ந்திருக்கலாம், சேதமில்லாத கையைப் பாருங்கள். ‘கூட்டம்’ என்பதற்குக் காரணம் உண்டு: அதை அப்படியே ஒத்த மூன்று இனங்கள் 2014-ல் பசிபிக்கிலிருந்து விவரிக்கப்பட்டன. அவற்றைப் பிரித்துக் காட்டியவை டி.என்.ஏ.வும் இனப்பெருக்க உறுப்புகளும்தான்.

ஆய்வுக்கு எடுப்பவர்களுக்கு, எதை முதலில் செய்வது என்பது முக்கியம். லிட்டர் நன்னீருக்குச் சுமார் 75 கிராம் மெக்னீசியம் குளோரைடு (ஹெக்சாஹைட்ரேட்) கரைத்து, அதை நத்தை கிடக்கும் கடல்நீரில் சிறிதுசிறிதாகச் சேர்த்து மயக்க வேண்டும். நேரே சாராயத்தில் போட்டால் உடல் சுருண்டு உறுப்புகள் குழம்பிவிடும். அடுத்து, டி.என்.ஏ.வுக்காகப் பாதத்தில் ஒரு துணுக்கை வெட்டி 95% எத்தனாலில் வையுங்கள். விரலை வெட்டக் கூடாது, அதற்குள் செரிமானச் சுரப்பி ஓடுவதால் தின்ற சொறியின் டி.என்.ஏ. கலந்து வரும். அதன் பிறகே மீதி உடல் 10% ஃபார்மலினுக்குப் போக வேண்டும். ஃபார்மலின் முந்திக்கொண்டால் டி.என்.ஏ. சிதைந்துவிடும். வாய்ப்பகுதித் தசையைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கரைத்தால், ரம்பம் போன்ற ஓரமுள்ள ஒற்றை வரிசைப் பற்பட்டை (பற்கள் பதிந்த நாக்குப் பட்டை) மிஞ்சும்.

புதிய இனம் என்று அறிவிப்பதானால் பெயருக்குச் சான்றாக ஒரு மாதிரியைப் பதிவெண்ணோடு அருங்காட்சியகம் போன்ற பொதுச் சேகரிப்பில் ஒப்படைப்பது முறை. சென்னையில் சாந்தோமில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. மாதிரி உள்ள பாட்டிலோடு, அது உயிருள்ளபோது எடுத்த படமும் சேரட்டும். பதப்படுத்தும் திரவத்தில் அந்த நீலம் தங்காது.