தரவை எந்த மெமரியில் எழுதுவது?

மைக்ரோகண்ட்ரோலருக்கு (கருவிகளை இயக்கும் ஒற்றைச் சிப் கணினி) மெமரி தேடும்போது பலரும் முதலில் பார்ப்பது கொள்ளளவைத்தான். அதற்கும் முன்னால் ஒரு கணக்குப் போட வேண்டும்: ஒரே முகவரியில் எத்தனை முறை எழுதப் போகிறோம்?

ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் பலகையின் அட்மெகா328பி சிப்பில் 2 கிலோபைட் எஸ்ரேம், 1 கிலோபைட் ஈஈப்ராம், நிரலை வைக்க 32 கிலோபைட் ஃபிளாஷ் இருக்கின்றன. எஸ்ரேமில் எவ்வளவு எழுதினாலும் தேயாது. மின்சாரம் போனால் தரவும் போய்விடும். ஈஈப்ராமில் தரவு நிற்கும். ஆனால் ஒவ்வொரு முறை எழுதும்போதும் எலக்ட்ரான்கள் மெல்லிய ஆக்சைடு படலத்தைத் துளைத்துச் செல்வதால் படலம் நைந்து, பிறகு மின்னூட்டம் கசியத் தொடங்கும். அதனால்தான் 1,00,000 முறை என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நிமிடத்துக்கு ஒரு முறை எழுதினால் 69 நாளில் வரம்பு வந்துவிடும். நொடிக்கு ஒரு முறை என்றால் 28 மணி நேரம்கூட ஆகாது. படிப்பதால் தேய்மானம் இல்லை.

எப்போதாவது மாறும் அமைப்புகளுக்கு (செட்டிங்ஸ்) ஈஈப்ராம் தாராளம். மதிப்பு மாறியிருந்தால் மட்டும் எழுதும் அப்டேட் ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். அடிக்கடி எழுத வேண்டுமென்றால் 1 கிலோபைட்டை 16 பைட் கொண்ட 64 கட்டங்களாகப் பிரித்துச் சுழற்சியாக எழுதுங்கள். நிமிடத்துக்கு ஒரு பதிவு என்றாலும் 12 ஆண்டு வரும். ஒவ்வொரு பதிவிலும் வரிசை எண்ணும் சிஆர்சியும் (தரவு சிதையவில்லையா என்று சரிபார்க்கும் எண்) கட்டாயம் வேண்டும். எழுதும் நடுவில் மின்சாரம் போனால் அந்தப் பதிவின் சிஆர்சி பொருந்தாது, முந்தைய பதிவை எடுத்துக்கொள்ளலாம். மின்னழுத்தம் குறைந்தால் சிப்பை நிறுத்திவைக்கும் பிரவுன்-அவுட் கண்காணிப்பையும் இயக்கி வையுங்கள். இல்லாவிட்டால் மின்னழுத்தம் சரியும்போது சிப் தாறுமாறாக எழுதிவிடக்கூடும்.

இடம் போதாவிட்டால் 24எல்சி256 போன்ற, ஐ2சி என்ற இரு கம்பி இணைப்பில் இயங்கும் வெளி ஈஈப்ராம்: 32 கிலோபைட், 10 லட்சம் முறை. இதில் பலரைத் திணறடிப்பது 64 பைட் பக்க எல்லை. எல்லையைத் தாண்டி எழுதினால் அடுத்த பக்கத்துக்குப் போகாது. அதே பக்கத்தின் தொடக்கத்துக்குத் திரும்பி, அங்கிருப்பதை அழித்துவிடும். ஐ2சி தொடர்புக்கான ஊனோவின் வயர் நூலகத்தில் பஃபர் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) 32 பைட்தான். முகவரிக்கு 2 போக, ஒரு தடவைக்கு 30 பைட்தான் அனுப்ப முடியும். எழுதி முடிக்க 5 மில்லிநொடி வரை ஆகும்.

நொடிக்குப் பல முறை மாறும் எண்ணிக்கைகளுக்குத் தயங்காமல் எஃப்ரேம் (மின்சாரம் போனாலும் தரவு நிற்கும் இன்னொரு வகை மெமரி) வாங்கலாம். எம்பி85ஆர்சி256வி என்ற எஃப்ரேம் சிப் லட்சம் கோடி முறை தாங்கும், எழுதியபின் காத்திருக்கவும் தேவையில்லை. விலை கூடுதல்தான், சுழற்சி நிரல் எழுதும் வேலை மிச்சம்.

மெகாபைட் கணக்கில் பதிவுகள் குவிந்தால் எஸ்டி கார்டு. அதன் 512 பைட் பஃபரே ஊனோவின் எஸ்ரேமில் கால்பங்கை எடுத்துக்கொள்ளும். கார்டு 3.3 வோல்ட்டில் இயங்குவது. ஊனோவின் 5 வோல்ட் சிக்னலை நேரடியாகக் கொடுத்தால் பழுதாகலாம், இடையில் சிக்னலின் மின்னழுத்தத்தை மாற்றித் தரும் லெவல் ஷிஃப்டர் வையுங்கள்.