நுரையீரலைக் காக்கும் டூத்பிரஷ்

முதியோர் இல்லங்களில் தொற்றுத் தடுப்பு என்றால் கையுறை, சானிடைசர், டயப்பர் மாற்றும் முறை பற்றித்தான் பேசுவார்கள். வாயை மறந்துவிடுவார்கள். குளிப்பாட்டி, உடை மாற்றி, சோறூட்டி முடிப்பதற்குள் அடுத்தவர் கூப்பிட்டுவிடுவார். பல் துலக்குவது நாளைக்குத் தள்ளிப்போகும். அப்படித் தள்ளிப்போடுவது எனக்குப் பெரிய ஆபத்தாகப் படுகிறது.

நமக்குப் புரையேறினால் உடனே இருமி வெளியேற்றிவிடுகிறோம். பக்கவாதமோ மறதிநோயோ வந்த முதியவர்களிடம் அந்த இருமலும், விழுங்கும் அனிச்சைச் செயலும் மந்தமாகிவிடும். தூங்கும்போது உமிழ்நீர் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். சத்தமே இருக்காது, பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. பல்லிலும் நாக்கிலும் படிந்த பாக்டீரியாக்கள் அந்த உமிழ்நீரோடு நுரையீரலுக்குப் போய் நிமோனியாவை உண்டாக்கும். இந்தக் கிருமிகள் தாமே சுரக்கும் பசைக்குள் ஒட்டிக்கொண்டு வாழ்பவை. கொப்பளித்தால் போகாது, தேய்த்தால்தான் பெயரும்.

ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் யோனெயாமா என்ற ஆய்வாளரின் குழுவினர் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஒவ்வொரு உணவுக்குப் பிறகும் பராமரிப்பாளர்கள் பல் துலக்கிவிட்டார்கள். வாரம் ஒருமுறை பல் மருத்துவரோ பல் சுகாதாரப் பணியாளரோ வந்து சுத்தம் செய்தார். இரண்டு ஆண்டுகளில் அவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 19 சதவீதம். 2002இல் வெளியான இந்த முடிவில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, பல்லே இல்லாதவர்களுக்கும் பலன் கிடைத்தது என்பதுதான். நாக்கு, ஈறு, அண்ணம் எல்லாமே கிருமிகள் தங்கும் இடங்கள்தானே!

பல்செட்டும் அப்படித்தான். இரவில் அதைக் கழற்றிச் சுத்தம் செய்து வைக்க வேண்டும். ஜப்பானில் 85 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், பல்செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா அபாயம் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது.

டயப்பர் மாற்றிய கையுறையோடு வாய்ப்பக்கம் போகவே கூடாது. கழற்றி, கை கழுவி, புதிதாக அணியுங்கள். கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம் என்பதால் கழுவுவதைத் தவிர்க்க முடியாது. நிமிர்ந்து உட்கார வைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, தண்ணீரைக் குறைத்து ஈரப் பிரஷால் தேய்க்கலாம். உட்கார முடியாதவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மறதிநோயால் வாயை இறுக்கிக்கொள்பவரை வற்புறுத்த வேண்டாம். பிரஷை அவர் கையிலேயே கொடுத்து, அந்தக் கையைப் பிடித்தபடி தொடங்கினால் பலர் ஒத்துழைப்பார்கள்.