ஆலை கேட்டுக்கு வெளியே விபத்து நடந்தால் யார் கேட்பது?

போன வாரம் மறுபடியும் ஒரு போன், விடியற்காலை ஐந்து மணிக்கு. வந்தவாசிப் பக்கமிருந்து முதல் ஷிப்ட் ஆட்களை ஒரகடத்துக்கு ஏற்றி வந்த வேன், ஓரமாக நின்றிருந்த லாரியின் பின்னால் மோதிவிட்டது. டிரைவர் அங்கேயே இறந்துபோனார். இரண்டு பெண்களுக்குக் கால் முறிவு. தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆலோசகனாக எனக்கு இந்த வருடம் வந்த மூன்றாவது இப்படிப்பட்ட போன் இது.

ஹெச்.ஆர். தம்பி முதலில் சொன்னது: "ரோடு ஆக்சிடென்ட்தான் சார், நம்ம ரெஜிஸ்டர்ல வராது."

இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கேட்டைத் தாண்டினால் கம்பெனிக்குச் சம்பந்தமில்லை என்று யார்தான் சொல்லிக் கொடுத்தார்களோ! வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்து, வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால், பணிக்காயமே என்று இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சட்டத்தில் 2010-லேயே 51-E பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2025-ல் சொல்லிவிட்டது. அதிகாலை ஷிப்டுக்கு பைக்கில் போகும்போது இறந்த ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளியின் வழக்கு அது. இந்த வேன் ஆட்களுக்கோ, வண்டியைப் பிடித்ததே கம்பெனி. ரூட்டையும் நேரத்தையும் போட்டதும் கம்பெனிதான். அப்புறம் எப்படி "நம்ம ரெஜிஸ்டர்ல வராது"?

இழப்பீடு வரை சட்டம் கேட்டைத் தாண்டி வந்துவிட்டது. விசாரணைதான் வரவில்லை. ஆலைக்குள் ஒரு மரணம் என்றால், தகவல் கிடைத்த ஒரு மாதத்துக்குள் அரசு அதிகாரி விசாரித்தாக வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 88-வது பிரிவு சொன்னது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் விசாரணை உண்டு. அதே தொழிலாளி நூறு அடி தள்ளி ரோட்டில் இறந்தால் போலீஸ் மட்டும் வரும். கவனக்குறைவால் மரணம் என்று டிரைவர் மேல் வழக்குப் போடும். அந்த டிரைவரும் இறந்துவிட்டால் வழக்கையே மூடிவிடுவார்கள்.

டிரிப் ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முந்தின நாள் இரண்டாம் ஷிப்ட் ஆட்களைக் கடைசி ஊரில் இறக்கியபோது இரவு 12:40. முதல் ஷிப்டுக்குக் கிளம்பியது 3:30. நடுவில் டிரைவர் வேனிலேயே படுத்திருக்கிறார். பகலில் ஒரு ஸ்கூல் டிரிப் வேறு! நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வரம்பு வைத்தது. டிரைவர் கண்ணயர்ந்துவிட்டார், சரி. அவரைத் தூங்க விடாத அட்டவணையை யார் போட்டது? அந்தக் காகிதம் டிராவல்ஸ்காரர் ஆபீசிலும் ஆலையின் அட்மின் அறையிலும் இருக்கிறது. போலீஸ்காரர் அங்கே போவதில்லை. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. வேகம், போதை, பிரேக் பார்ப்பதுதான் அவருக்குப் பழக்கம். ஷிப்ட் அட்டவணையைப் படிக்கத் தெரிந்தவர்கள், ஆலைகளைச் சோதிக்கும் அரசுத் துறையான தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில்தான் இருக்கிறார்கள்.

எல்லா விபத்துக்கும் அந்த இயக்ககத்து இன்ஸ்பெக்டர் ஓடி வர வேண்டாம். டீக்கடைக்குப் போனவர் பைக்கில் வழுக்கி விழுந்ததற்கெல்லாம் வந்தால் அவர்கள் வேறு வேலை பார்க்க முடியாது. ஆனால் டிரைவரின் வேலை நேரம் வரம்பைத் தாண்டியிருந்தால், டிரிப் கணக்கில் கூலி கொடுத்து விரட்டியிருந்தால், கட்டிய கயிறு அறுந்து லோடு சரிந்திருந்தால், டயர் மொட்டை என்று டிரைவர் எழுதிக் கொடுத்தும் வண்டியை அனுப்பியிருந்தால், கட்டாயம் வர வேண்டும். சென்டர் மீடியனில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரை லாரி அடித்தாலும் அப்படித்தான். அவருக்கு அந்த ரோடுதான் பணியிடம். கூம்பு வைத்தார்களா, பின்னால் எச்சரிக்கை வண்டி நிறுத்தினார்களா என்று ஒருத்தராவது கேட்க வேண்டாமா? பிரிட்டனிலும் சாலை விபத்தைப் பெரும்பாலும் போலீஸ்தான் பார்க்கிறது. ஆனால் சரக்கு ஏற்றி இறக்கும்போது நடந்ததையும், சாலையோர வேலையில் இருந்தவர் அடிபட்டதையும் முதலாளி அங்குள்ள பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவித்தாக வேண்டும்.

பாதுகாப்பு அதிகாரிகளே, விபத்து நடந்த அன்றே டிரிப் ஷீட், கேட் பதிவேடு, ஜி.பி.எஸ். பதிவு மூன்றுக்கும் நகல் எடுத்துவிடுங்கள். மறுநாள் கேட்டால் டிராவல்ஸ்காரர் புதிதாக எழுதிய ஷீட்டைத்தான் நீட்டுவார். மோதிய நேரத்தில் "எங்கப்பா இருக்கே?" என்று சூப்பர்வைசர் போன் போட்டாரா என்றும் பாருங்கள். இரவு இறக்கியவரை விடியற்காலை ஏற்ற அனுப்பாதீர்கள். இதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை, இன்னொரு டிரைவர் போதும்.

வேனில் போகிறவர்களே, டிரைவர் தலை ஆடினால் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். லேட்டானால் அரை நாள் சம்பளம் பிடிப்பார்களே என்ற பயம் புரிகிறது. வேன் தாமதமானால் அந்தப் பிடித்தம் கூடாது என்று ஆலைக்கு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.